வாயிற்காவலன் அறியாத சொல்

ஐதராபாத்தில் வாழும் நீங்கள் கோல்கொண்டாக் கோட்டையை ஒருமுறையேனும் பார்த்திருப்பீர்கள். ஃபதே தர்வாசா என்னும் நுழைவாயிலின் குவிமாடத்தின் கீழே நின்று வழிகாட்டி கைதட்டுவார். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில், குன்றின் உச்சியிலுள்ள பாலா ஹிசார் மண்டபத்தில் அவ்வொலி கேட்கும். வாயிலில் நடப்பதை மேலே இருப்பவர்களுக்கு அறிவிக்க இவ்வமைப்பு உதவியது என்பர். இவ்வளவு விழிப்போடு கட்டப்பட்ட கோட்டை 1687ஆம் ஆண்டு ஔரங்கசீப்பின் படையிடம் வீழ்ந்தது. ஏறத்தாழ எட்டு மாதங்கள் பீரங்கிகளால் சுட்டும் உள்ளே நுழைய முடியாத படை, ஒருநாள் இரவு ஒரு வாயில் வழியாக எளிதில் உள்ளே வந்தது. கோட்டைக்குள் இருந்த அதிகாரி ஒருவரே பொருளுக்கு விலைபோய் அவ்வாயிலைத் திறந்துவிட்டார்.

இவ்வரலாற்றை ஒரு கணினி நிரலைப் பற்றிப் பேசுவதற்காகவே இங்கு நினைவூட்டுகிறேன். புரோகிராம் என்று நீங்கள் சொல்வதைத்தான் தமிழில் நிரல் என்கிறோம். நான் கணினி ஆசிரியன் அல்லன், தமிழாசிரியன். எனினும் சில ஆண்டுகளுக்கு முன்பு என் மாணவன் ஒருவன் எழுதிய நிரல், என்னைக் கடவுச்சொல்லைப் பற்றிப் படிக்க வைத்தது.

ஒன்பதாம் வகுப்பில் படித்த அம்மாணவன், எங்கள் தமிழ் நூலக அலமாரிக்காகப் பைத்தான் மொழியில் ஒரு நிரல் எழுதினான். யார் எந்த நூலை எடுத்துச் சென்றார் என்பதை அது குறித்து வைக்கும். ஒவ்வொருவரும் தமக்கென ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே செல்ல வேண்டும். நானும் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து, இடைவேளையில் தயங்கியபடி என் அருகில் வந்து நின்றான்.

“ஐயா, உங்கள் கடவுச்சொல் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வேண்டுமென்று பார்க்கவில்லை. ஒரு பிழையைத் திருத்தக் கோப்பைத் திறந்தேன், எல்லோருடைய சொல்லும் வரிசையாக இருந்தது” என்றான்.

எனக்கு வியர்த்துவிட்டது. என் மின்னஞ்சலுக்கும் அதே சொல்லைத்தான் வைத்திருந்தேன். அவன் நல்ல பிள்ளை; வந்து சொன்னான். சொல்லாமலும் இருந்திருக்கலாம் அல்லவா?

கடவு என்றால் வழி. வழிவிடும் சீட்டு கடவுச்சீட்டு. வழிவிடும் சொல் கடவுச்சொல். அச்சொல்லைக் கேட்டு வழிவிடும் நிரல் ஒரு வாயிற்காவலன். புதிதாக நிரல் எழுதுவோர் இக்காவலனைப் படைக்கும்போது இருவகைத் தவறுகள் செய்கின்றனர். முதல்வகைத் தவறில், காவலன் சரியான ஆளைத் தடுப்பான் அல்லது தவறான ஆளை விடுவான். இது உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். இரண்டாம் வகைத் தவறு தெரியாது. நிரல் செவ்வனே ஓடிக்கொண்டே இருக்கும்.

முதல்வகையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. பிழையைப் பிடிக்கும் என்று சொல்வது விந்தைதான். ஆனால் அது இலக்கணப் பாடம் நடத்தும் பிழை. ‘மயில்’ அல்லது ‘குயில்’ என்னும் இரண்டு சொற்களில் எதைச் சொன்னாலும் உள்ளே விடலாம் என்று வைத்துக்கொள்வோம். மாணவர்கள் பலர் இப்படி எழுதுகின்றனர்: “சொல் ‘மயில்’ என்பதற்குச் சமம் அல்லது ‘குயில்’ எனில் கதவைத் திற.” நமக்குப் பொருள் விளங்குகிறது. விளங்குவதற்குக் காரணம், விடுபட்டதை நாமே நிரப்பிக்கொள்வதுதான். தமிழில் இது இயல்பு. ‘பால் குடித்தான்’ என்றால் ‘பாலைக் குடித்தான்’ என்று கொள்கிறோம். உருபு மறைந்து நிற்பதால் அதை வேற்றுமைத்தொகை என்கிறோம். பைத்தானுக்குத் தொகை தெரியாது. அது ‘அல்லது’ என்பதற்கு வலப்புறம் உள்ளதைத் தனியே எடுத்துப் பார்க்கும். அங்கே ‘குயில்’ என்னும் எழுத்துச்சரம் மட்டுமே நிற்கிறது. வெறுமையாக இல்லாத எந்தச் சரத்தையும் ‘மெய்’ என்று கொள்வது பைத்தானின் விதி. ஆகவே நிபந்தனை எப்போதும் மெய்யாகிவிடும். ‘கழுதை’ என்று தட்டினாலும் கதவு திறக்கும்! “சொல் ‘மயில்’ என்பதற்குச் சமம் அல்லது சொல் ‘குயில்’ என்பதற்குச் சமம்” என்று இரண்டு முறையும் முழுமையாக எழுதுவதே திருத்தம்.

இதற்கு நேர்மாறானது, சரியாகச் சொன்னாலும் திறக்காத கதவு. பைத்தானில் விசைப்பலகை வழியாக வருவது எதுவும் எழுத்துச்சரமாகவே வரும். நிரலில் 4271 என்னும் எண்ணை வைத்துவிட்டு, பயனர் தட்டிய ‘4271’ என்னும் சரத்தோடு ஒப்பிட்டால் ஒருநாளும் பொருந்தாது. சரி, வந்ததை எண்ணாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். அதிலும் ஒரு குழி உண்டு. 0427 என்பதை எண்ணாக்கினால் முன்னுள்ள சுழியம் உதிர்ந்து 427 ஆகிவிடும். அதன்பின் 427 என்று மூன்று இலக்கங்கள் மட்டும் தட்டியவருக்கும் கதவு திறக்கும். கடவு எண் என்பது கூட்டவும் கழிக்கவும் உரிய எண்ணன்று; எண் வடிவில் எழுதப்பட்ட சொல். அதனைச் சரமாகவே வைத்திருக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளும் தொல்லை தரும். கோப்பிலிருந்து ஒரு வரியைப் படித்தால், வரி முடிந்தது என்பதைக் குறிக்கும் எழுத்து ஒன்று வால்போல ஒட்டிக்கொண்டு வரும். ‘மயில்’ என்பதும் ‘மயில்’ என்பதற்குப் பின் வரிமுடிவு வருவதும் கணினிக்கு வெவ்வேறு சொற்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் மாணவர்கள் மணிக்கணக்கில் திகைப்பார்கள். அந்த வாலை வெட்டிவிட்டு ஒப்பிடுங்கள். ஆங்கில எழுத்துகளில் பெரியது சிறியது வேறுபாடும் அப்படியே. ஆனால் அதனை வெட்டிவிடாதீர்கள், அது கடவுச்சொல்லின் ஒரு பகுதி. மூன்று வாய்ப்புகள் மட்டும் தர நினைத்துச் சுழியத்திலிருந்து மூன்று வரை எண்ணினால் நான்கு வாய்ப்புகள் ஆகிவிடும் என்பதையும் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். தட்டுவதைத் திரையில் காட்டாமல் வாங்கப் பைத்தானில் ‘கெட்பாஸ்’ என்னும் வசதி உண்டு. முதன்முறை அதனைப் பயன்படுத்துவோர் விசைப்பலகை கெட்டுவிட்டதோ என்று ஐயுறுவர். கெடவில்லை, மறைப்பதே அதன் வேலை.

இனி இரண்டாம் வகைக்கு வருவோம். என் மாணவனின் நிரலில் மேற்கூறிய பிழை எதுவும் இல்லை. சரியானவரை விட்டது, தவறானவரைத் தடுத்தது. ஆனால் எல்லோருடைய சொற்களையும் ஒரு கோப்பில் உள்ளது உள்ளபடியே எழுதி வைத்திருந்தது. கோப்பைத் திறக்கக் கூடியவர் எவரும் எல்லா வாயில்களையும் திறக்கலாம்.

இத்தவறு அம்மாணவனோடு பிறந்ததன்று. கணினிக் கடவுச்சொல்லோடு பிறந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில், பெர்னாண்டோ கோர்பாட்டோ என்பவரின் தலைமையில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு ஒன்று உருவாயிற்று. சி.டி.எஸ்.எஸ். என்பது அதன் பெயர். ஒருவர் கோப்பை மற்றவர் தொடாதிருக்கக் கடவுச்சொல் முறை அதில் வைக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட நேரமே கணினி கிடைக்கும். ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவருக்குத் தம் பங்கு போதவில்லை. 1962ஆம் ஆண்டு அவர், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தருமாறு துளையட்டை வழியாகக் கணினியையே கேட்டார். அதுவும் அச்சிட்டுத் தந்தது. பிறர் பெயரில் நுழைந்து தம் வேலையை முடித்துக்கொண்டார். இதனை அவர் பல ஆண்டுகள் கழித்தே வெளியில் சொன்னார்.

அதே அமைப்பில் இன்னொரு நிகழ்ச்சி. ஒருநாள் பிற்பகல் கணினியில் நுழைந்தவர்களுக்கு, வழக்கமான அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக அனைவருடைய கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகி வந்தன. எவரும் திருடவில்லை. நிருவாகிகள் இருவர் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்தினர். ஒருவர் அறிவிப்பைத் திருத்தினார். மற்றவர் கடவுச்சொற்களைத் திருத்தினார். திருத்தும் கருவியோ இடைக்காலக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை வைத்தது. இரண்டும் இடம் மாறிவிட்டன. கோர்பாட்டோ 1990ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பெற்றபோது ஆற்றிய உரையில் இதனைத் தாமே எடுத்துச் சொன்னார். தம் அமைப்பின் தவறைப் பெரும் அவையில் சொல்ல அவர் கூசவில்லை.

இந்நிகழ்ச்சிகள் ஒரு கேள்வியை எழுப்பின. காவலனுக்குக் கடவுச்சொல் தெரியாமலேயே அவன் சரிபார்க்க முடியுமா? முடியும் என்று 1960களிலேயே இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரோஜர் நீதம் போன்றோர் வழி கண்டனர்.

அவ்வழியை ஒரு சிறு கணக்கால் விளக்குகிறேன். தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடவு எண் 4271 எனக் கொள்வோம். அதனை 97ஆல் வகுங்கள். 97ஐ 44ஆல் பெருக்கினால் 4268, மீதி 3. காவலனிடம் 4271ஐச் சொல்ல வேண்டா. “மீதி 3” என்று மட்டும் எழுதி வையுங்கள். நீங்கள் வந்து 4271 என்று சொல்லும்போது அவன் வகுத்துப் பார்ப்பான். மீதி 3 வந்தால் வழிவிடுவான். உடனே எண்ணை மறந்துவிடுவான். அவனுடைய ஏட்டைத் திருடியவருக்கு 3 மட்டுமே கிடைக்கும். 3ஐக் கொண்டு 4271ஐ உறுதியாகக் கண்டுபிடிக்க இயலாது. இட்லி மாவைப் பார்த்து அரிசி மணிகளை மீட்க முடியாதது போன்றது இது.

இக்கணக்கில் ஓட்டை ஒன்று இருப்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். 1070ஐ 97ஆல் வகுத்தாலும் மீதி 3தான். அதைச் சொன்னவருக்கும் கதவு திறந்துவிடுமே! மீதிகள் 97 மட்டுமே இருப்பதால் இப்படி மோதுகின்றன. ஆகவே உண்மை நிரல்களில் இதைவிட மிகச் சிக்கலான கணக்கைப் பயன்படுத்துகின்றனர். அதற்கு ஆங்கிலத்தில் ‘ஹாஷ்’ என்று பெயர். ‘ஷா-256’ என்பது அவ்வகைக் கணக்குகளுள் ஒன்று. எவ்வளவு நீளமான சொல்லைக் கொடுத்தாலும் அது 64 குறிகள் கொண்ட ஒரே அளவான விடையைத் தரும். சொல்லில் ஓர் எழுத்தை மாற்றினாலும் விடை முற்றிலும் வேறாகும். ஒரே விடையைத் தரும் இரண்டு சொற்களை இதுவரை எவரும் கண்டுபிடித்துக் காட்டியதில்லை.

ஆயினும் பகைவன் வேறுவழியில் வருவான். மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாது. ஆனால் பலவகை அரிசிகளைத் தானே அரைத்து, எந்த மாவு இதுபோல இருக்கிறது என்று ஒப்பிடலாம் அல்லவா? ‘123456’, ‘ஐதராபாத்’, ‘சார்மினார்’ என்று மக்கள் வைக்கக்கூடிய சொற்களுக்கெல்லாம் முன்னதாகவே விடை கண்டு பட்டியலிட்டுக்கொள்வான். யூனிக்ஸ் அமைப்பை உருவாக்கிய பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், தாங்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831 சொற்கள் எளிதில் ஊகிக்கத்தக்கவை என்று காட்டினர். ஒரே ஓர் எழுத்தைக் கடவுச்சொல்லாக வைத்தவர்கள்கூட அவற்றுள் இருந்தனர்!

அவர்கள் கையாண்ட மருந்தின் பெயர் உப்பு. ஆம், உணவில் இடும் உப்புதான், அப்பெயரே நிலைத்துவிட்டது. ஒவ்வொருவருடைய கடவுச்சொல்லோடும் தனித்தனியான ஒரு தற்செயல் எண்ணைச் சேர்த்த பிறகே கணக்கிடுவது இம்முறை. அந்த எண்ணை விடையின் அருகிலேயே எழுதி வைக்கலாம், மறைக்கத் தேவையில்லை. இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் உப்பு வேறுபடுவதால் விடைகள் வேறுபடும். பகைவனின் ஒரு பட்டியல் எல்லோருக்கும் பயன்படாது. ஒவ்வோர் உப்புக்கும் புதிதாக அரைக்க வேண்டும். யூனிக்ஸில் அன்று 4,096 வகை உப்புகள் இருந்தன. இன்று அது மிகவும் குறைவு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்னும் பழமொழி கணினிக்கும் பொருந்தும் என்று நான் வகுப்பில் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி மட்டுமே சிரித்தாள்.

மோரிஸும் தாம்சனும் கணக்கை வேண்டுமென்றே மெதுவாகவும் ஆக்கினர். உண்மையான பயனர் ஒருமுறை கணக்கிடுவதற்கு அரை நொடி ஆனாலும் பொறுத்துக்கொள்வார். கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்க வேண்டியவனுக்கு ஒவ்வொரு முறையும் அரை நொடி ஆனால் அவன் ஆயுள் போதாது. ‘ஷா-256’ மிக விரைவானது. ஆகையால் அதனை ஒருமுறை மட்டும் செய்து நிறுத்துவது கடவுச்சொல்லுக்குப் போதாது. அதற்கென்றே மெதுவாகச் செய்யப்பட்ட ‘பிகிரிப்ட்’, ‘எஸ்கிரிப்ட்’ முதலியவை உள்ளன. எஸ்கிரிப்ட் பைத்தானின் ‘ஹாஷ்லிப்’ தொகுப்பிலேயே கிடைக்கிறது. நீங்களே புதிதாக ஒரு கணக்கைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். மேலே நான் சொன்ன 97 விளையாட்டுக்கு மட்டுமே.

முப்பது ஆண்டுகள் கழித்தும் இவற்றைச் செய்யாதவர்கள் இருந்தனர். 2009ஆம் ஆண்டு டிசம்பரில் ‘ராக்யூ’ என்னும் அமெரிக்க நிறுவனத்தின் கணினியிலிருந்து ஏறத்தாழ 3 கோடியே 20 இலட்சம் கடவுச்சொற்கள் களவு போயின. அனைத்தும் உள்ளது உள்ளபடியே எழுதப்பட்டிருந்தன. அவற்றில் மிகப் பலர் வைத்திருந்த சொல் எதுவெனில், 123456.

மீண்டும் எங்கள் நூலக நிரலுக்கு வருவோம். கணினி ஆசிரியரின் துணையோடு அம்மாணவன் அதனைத் திருத்தத் தொடங்கினான். முதல் ஓட்டத்திலேயே கணினி மறுத்தது. ஹாஷ் கணக்கு எழுத்துகளை ஏற்காது. பைட் எனப்படும் எண்களையே ஏற்கும். ‘என்கோட்’ என்னும் கட்டளையால் எழுத்தை எண்ணாக்கித் தர வேண்டும். புதியவர்கள் அனைவரும் தடுக்கி விழும் படி இது. அதைத் தாண்டியதும், தமிழிலேயே கடவுச்சொல் வைக்கலாமே என்று அவனுக்கு ஆசை வந்தது. அங்கேதான் என் உதவி தேவைப்பட்டது.

‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள்? மூன்று என்பீர்கள். பைத்தானைக் கேட்டால் ஐந்து என்னும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஒருங்குறி முறையில் அது தனித்தனியே எண்ணுகிறது. பைட் கணக்கில் பார்த்தால் 15. ஆகவே ‘குறைந்தது எட்டு எழுத்துகள்’ என்று விதி வைக்கும்போது, எதனை எழுத்து என்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ‘கொடி’ என்னும் சொல்லில் வந்தது. ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ‘கொடி’ என்றே தெரியும். ஒன்றின் நீளம் நான்கு, மற்றதன் நீளம் ஐந்து. ஹாஷ் விடைகளோ முற்றிலும் வேறு. ஒரு விசைப்பலகையில் பதிவு செய்தவர், வேறு முறையில் தட்டும் இன்னொரு விசைப்பலகையில் நுழைய முடியாமல் நிற்பார். தாம் தட்டியது சரி என்று அவர் சாதிப்பார்; அவர் சொல்வதும் சரியே! கணக்கிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவாக்கும் ‘நார்மலைஸ்’ என்னும் கட்டளை பைத்தானில் உண்டு. அதைச் சேர்த்ததும் சிக்கல் தீர்ந்தது. ஆனால் ‘ஔவை’ என்பதை ஒகரத்தோடு ளகரம் சேர்த்து ‘ஒளவை’ என்று தட்டுபவரை எந்தக் கட்டளையும் காப்பாற்றாது. அது எழுத்துப்பிழை, அங்கே கதவு மூடியிருப்பதே நியாயம்.

பழைய கோப்பை அழித்துவிட்டு எல்லோரும் புதிய கடவுச்சொற்களைப் பதிந்தோம். நான் மின்னஞ்சலுக்கு வேறு, நூலகத்துக்கு வேறு என்று மாற்றிக்கொண்டேன். அடுத்த மாதமே நூலகச் சொல்லை மறந்துவிட்டேன். அவனிடம் சென்று, “என் சொல் என்ன, பார்த்துச் சொல்லப்பா” என்றேன்.

“எனக்கும் தெரியாது ஐயா, நிரலுக்கும் தெரியாது. புதிதாக ஒன்றை வைத்துக்கொள்ளலாம்” என்றான். அவன் முகத்தில் இருந்த பெருமிதத்தைப் பார்க்க வேண்டுமே!

நீங்கள் பயன்படுத்தும் ஏதேனும் ஒரு செயலியில் ‘கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்’ என்பதை அழுத்திப் பாருங்கள். புதிய சொல் வைக்க வழி காட்டினால் நன்று. உங்கள் பழைய சொல்லையே எழுதி அனுப்பினால், அது அங்கே மீட்கக்கூடிய வடிவில் இருக்கிறது என்று பொருள். அதே சொல்லை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ, அங்கெல்லாம் அன்றே மாற்றிவிடுங்கள்.

பயிற்சி

1. “சொல் ‘மயில்’ என்பதற்குச் சமம் அல்லது ‘குயில்’ எனில்” என்னும் தொடரில் கணினிக்கு விடுபட்டிருப்பது எது? இதுபோல விடுபட்டதை நாமே நிரப்பிக்கொள்ளும் தமிழ்த் தொடர்கள் மூன்று எழுதுக.

2. 97ஆல் வகுக்கும்போது மீதி 3 வரும் நான்கு இலக்க எண்கள் இன்னும் இரண்டு கண்டுபிடிக்க.

3. ‘கோழி’, ‘பள்ளி’ ஆகிய சொற்களில் நாம் எண்ணும் எழுத்துகள் எத்தனை? பைத்தான் எத்தனை என்னும்? கணினி அறையில் சரிபார்க்க.

4. உப்பை மறைக்காமல் விடையின் அருகிலேயே எழுதி வைப்பதால் தீங்கில்லை என்பதை உன் நண்பருக்கு விளக்குவது போல ஐந்து தொடர்களில் எழுதுக.